இலவசப் பாடப்புத்தகத்தில் மச்சு வீடு

1

என் மகள் சுதா இங்கே ஒரு கல்லூரியில் சமூகவியல் சொல்லித் தருகிறாள். நிரந்தர வேலை இல்லை. பருவத்துக்குப் பருவம் கூப்பிடுவார்கள். சில பருவம் கூப்பிடாமலும் விடுவார்கள்.

போன இலையுதிர் காலத்தில் அவளுக்கு ஒரு வேலை கொடுத்தார்கள். முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இதுவரை வைத்திருந்த பாடப்புத்தகம் விலை அதிகம். பாதிப் பேர் வாங்குவதில்லை. ஒருத்தர் வாங்க, நாலு பேர் செல்போனில் படம் பிடித்துப் படிக்கிறார்கள். அதற்குப் பதிலாக இணையத்தில் சும்மா கிடைக்கிற ஒரு அறிமுகப் புத்தகத்தை வைக்கலாமா என்று பார்த்துச் சொல்ல வேண்டும். மூன்று ஆசிரியர்கள் பார்க்கிறார்கள். சுதா அதில் இளையவள்.

ஒரு புத்தகத்தை எடைபோடுகிற வேலைதானே என்று நினைத்தேன். அது எங்கள் ஊர் வரைக்கும் போகும் என்று நினைக்கவில்லை.

நான் எழுதிப் பழகாதவன். எட்டாவதோடு நின்றேன். வெல்டிங் வேலை. முதலில் சிங்கப்பூரில் கப்பல் பட்டறை. பிறகு இங்கே கனடாவில், கோதுமை விளைகிற சமவெளியில், ஒரு சின்ன ஊர். டிராக்டர் இழுக்கும் வண்டிகள் செய்கிற பட்டறையில் இருக்கிறேன். பிறந்தது திருச்சுழிக்கு அந்தப் பக்கம். ஊர்ப் பெயரைப் போடவில்லை. ஏன் என்று படித்தால் தெரியும்.

2

ஞாயிற்றுக்கிழமை காலையில் சுதா வந்து அடுப்படி மேசையில் கம்ப்யூட்டரை விரித்துவிடுவாள். என் மனைவி செல்வி தோசை ஊற்றுவாள். சுதா ஒரு பத்தி இங்கிலீஷில் வாசிப்பாள். பிறகு தமிழில் சொல்வாள்.

"புரியலைன்னா புரியலைன்னு சொல்லுங்கப்பா. புக்கு எல்லாருக்கும் புரியுதான்னு எழுதணும்."

விவரம் சரியா, நடை எளிதா, உதாரணங்கள் பழசா, எந்த நாட்டுப் பிள்ளை படித்தாலும் தன்னை அதில் பார்க்க முடியுமா என்று கேள்விகள் கொடுத்திருந்தார்கள். ஒவ்வொன்றுக்கும் பதில் எழுத வேண்டும்.

சுதாவின் தமிழ் இந்த ஊரில் வளர்ந்த தமிழ். சின்ன வயதில் ஊருக்குப் போயிருந்தபோது, "ஆடுங்க எல்லாரும் வந்துட்டாங்க" என்றாள். என் தம்பி பாண்டி விழுந்து விழுந்து சிரித்தான். ஆட்டுக்கு அவ்வளவு மரியாதை அங்கே யாரும் கொடுத்ததில்லை.

குடும்பம் என்று ஒரு பாடம். சிறு குடும்பம், பெருங்குடும்பம் என்று நீளமாகப் போனது.

"மாமியா கூட இருந்தாப் பெருசு, தப்பிச்சு வந்துட்டாச் சிறுசு. இத எழுதவா இம்புட்டுப் பக்கம்?" என்றாள் செல்வி.

சுதா சிரித்துக்கொண்டே என்னைப் பார்த்தாள்.

"புரியுது" என்றேன்.

"அம்மா, அப்பா எல்லாத்துக்குமே புரியுதுன்னுதான் சொல்றாரு."

"கல்யாணத்தன்னைக்கும் அதத்தான் சொன்னாரு."

இப்படித்தான் போய்க்கொண்டிருந்தது. பிறகு ஏற்றத்தாழ்வு என்று ஒரு பாடம் வந்தது. அதில் இந்தியாவுக்கு ஒரே ஒரு பத்தி. ஒரு படம். பெண்கள் குனிந்து நாற்று நடுகிறார்கள். முகம் தெரியாது. பிறப்பால் சாதி, சாதியால் தொழில், சட்டம் தடை செய்துவிட்டது, நகரங்களில் குறைந்து வருகிறது. இவ்வளவுதான் இருந்தது.

"சரியா இருக்காப்பா?"

"தப்பில்ல."

"அப்ப சரின்னு போடவா?"

"இதுல ஆளு யாரையும் காணமே."

சுதா நிமிர்ந்து பார்த்தாள். செல்வி அடுப்பைக் குறைத்தாள். நான் சொல்ல ஆரம்பித்தேன். ஏன் அன்றைக்குச் சொன்னேன் என்று இப்போதும் தெரியவில்லை.

3

நான் சிங்கப்பூரில் இருந்த காலம். எங்கள் ஊரில் போன் ஒரே வீட்டில்தான் இருந்தது. மச்சு வீடு. நிலத்துக்காரர்கள். எங்கள் வீட்டில் எல்லோரும் அவர்கள் காட்டில் கூலி வேலை பார்த்தவர்கள். மிளகாய் எடுப்பது, பருத்தி எடுப்பது, களை வெட்டுவது எல்லாம் அங்கேதான்.

மாதத்தில் ஒருநாள் அந்த நம்பருக்குப் போடுவேன். மச்சு வீட்டு அய்யா எடுப்பார். "இரு, ஆள் விடுறேன்" என்பார். வைத்துவிட்டு, கொஞ்ச நேரம் கழித்து மறுபடி போட வேண்டும். அதற்குள் யாராவது போய் அம்மாவைக் கூட்டி வந்திருப்பார்கள். ஒரு தடவைகூட அவர் ஆள் அனுப்பாமல் இருந்ததில்லை. இதையும் சொல்ல வேண்டும்.

போன் கூடத்தில், சன்னலை ஒட்டி இருந்தது. அம்மா சன்னலுக்கு வெளியே முற்றத்தில் நிற்பார். உள்ளே வரக் கூடாது. போனைத் தொடக் கூடாது. கம்பி வழியாக நீட்டினால் அம்மா கைக்கு எட்டும். ஆனால் அந்தப் போனைப் பிறகு வீட்டார் காதில் வைக்க வேண்டுமே. அதனால் அய்யாவே பேசுவார்.

"ஏத்தா, ஒம் மகன் கேக்குறான், முழங்கால் வலி தேவலையான்னு."

வெளியே ஒரு சத்தம் கேட்கும். காட்டில் தூரத்தில் யாரோ யாரையோ கூப்பிடுகிற மாதிரி இருக்கும். லைன் இரைச்சலில் வார்த்தை பிடிபடாது.

"தேவலையாம்ப்பா."

சில நாள் அந்தச் சத்தம் நீளமாக இருக்கும். அய்யா சொல்வது சின்னதாக இருக்கும்.

"நல்லா இருக்காளாம். வச்சிரவா?"

திருச்சுழியில் டெலிபோன் பூத் இருந்தது. அங்கே போய்க் காத்திருந்தால் ஒருநாள் வேலை போகும். அம்மா போக மாட்டார். நாலாவது வருடம் இறந்துபோனார். நான் வந்து சேர்ந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. எங்கள் தெருவுக்குச் செல்போன் அதற்குப் பிறகுதான் வந்தது.

மாதாமாதம் பேசினேன். அம்மா பேசியது எதுவும் என் காதுக்கு வரவில்லை.

சுதா கம்ப்யூட்டரைத் தன் பக்கம் இழுத்தாள். பிறகு, "அப்பா, இதை நான் எழுதவா?" என்றாள்.

"எழுது" என்றேன். அவள் கல்லூரிக்குக் கொடுக்கிற அறிக்கையில் எழுதப் போகிறாள் என்று நினைத்தேன். ஆபீஸ் காகிதம். யார் படிக்கப் போகிறார்கள்.

4

இங்கே குளிர்காலத்தில் காரை ராத்திரி முழுக்கக் கரண்டில் செருகி வைக்க வேண்டும். இல்லையென்றால் எஞ்சின் உறைந்துபோகும். காலையில் எழுந்து வயரைப் பிடுங்கும்போதுதான் பாண்டியிடம் பேசுவது வழக்கம். எங்களுக்கு விடிகிறபோது அவனுக்குப் பொழுது சாய்கிறது.

தையில் ஒருநாள் அவனே கூப்பிட்டான். அவன் கூப்பிடுவது அபூர்வம்.

"அண்ணே, சுதா என்னத்த எழுதி வச்சிருக்கு?"

"என்னது?"

"நம்ம அம்மா கதை ரேவதி படிக்கிற புத்தகத்துல இருக்காம்ல."

ரேவதி அவன் மகள். அருப்புக்கோட்டையில் ஒரு கல்லூரியில் பி.ஏ. படிக்கிறாள்.

சுதாவைக் கேட்டபோதுதான் முழுதும் தெரிந்தது. புத்தகம் நன்றாக இருக்கிறது, சாதியைப் பற்றி மட்டும் மேலோட்டமாக இருக்கிறது என்று சுதா அறிக்கை எழுதியிருக்கிறாள். அவள் துறைத்தலைவர், "இலவசப் புத்தகத்தில் அதுதானே வசதி, யாரும் சேர்க்கலாம், திருத்தலாம், நீயே எழுதிச் சேர்" என்று சொல்லிவிட்டார். ஒரு பக்கம் எழுதி, கட்டம் கட்டி, அந்தப் பாடத்தில் சேர்த்துவிட்டாள். கல்லூரியின் இணையப் பக்கத்தில் புத்தகம் ஏறிவிட்டது. சந்தோஷத்தில் ரேவதிக்கும் அனுப்பினாள். அங்கே ரேவதியின் மேடம் பிள்ளைகளுக்குப் படிக்கக் கொடுக்கப் புத்தகம் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்கள். சும்மா கிடைக்கிறது என்றதும் வகுப்பு வாட்ஸப்பில் போட்டுவிட்டார்கள். அந்தப் பக்கத்தை வகுப்பில் எல்லோரையும் வாசிக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

அந்த வகுப்பில் மச்சு வீட்டுப் பேத்தியும் இருக்கிறது.

"அந்தப் புள்ள வாசிச்சுட்டுப் பொசுக்குன்னு எந்திரிச்சுப் போயிருச்சாம்ணே" என்றான் பாண்டி. "வீட்ல போயிச் சொல்லாமயா இருக்கும்?"

கையில் கார் வயர் இருந்தது. அதைப் பிடித்தபடியே நின்றேன். உள்ளங்கை மரத்துப்போனது பிறகுதான் தெரிந்தது.

5

சுதா அழுதுகொண்டே சொன்னாள். "நான் பேரெல்லாம் மாத்திட்டேம்ப்பா. அவரு பேரு வேற போட்டேன். ஊர் பேரு வேற போட்டேன். உங்க பேரே இல்ல."

வாங்கிப் பார்த்தோம். உண்மைதான். அய்யாவுக்கு ஏதோ ஒரு பெயர் வைத்திருந்தாள். ஊருக்கும் ஒரு பெயர். ஆனால் அந்த வீட்டை மட்டும் மச்சு வீடு என்றே எழுதி, மாடி வைத்த வீடு என்று பக்கத்தில் விளக்கமும் கொடுத்திருந்தாள்.

செல்வி தலையில் கை வைத்தாள். "அடிப்பாவி, பேர மறைச்சுட்டு வீட்டக் காட்டிக் குடுத்துட்டியேடி!"

"மாடி வீடு எல்லா ஊர்லயும் இருக்கும்தானேம்மா?"

அவளுக்கு எப்படித் தெரியும். எங்கள் பக்கம் ஆளுக்குப் பெயர் ரேஷன் கார்டில்தான் இருக்கும். ஊரில் புழங்குவது வீட்டுப் பெயர். கொய்யாமரத்து வீடு, மேலவீடு, மச்சு வீடு. மச்சு வீட்டு அய்யாவின் சொந்தப் பெயர் என்ன என்று கேட்டால் நானே யோசிக்க வேண்டும். ஓட்டுப் போடுகிற இடத்தில் வாசித்தபோது ஒருமுறை கேட்டிருக்கிறேன். யாருக்கும் தெரியாத பெயரை மறைத்துவிட்டு, ஆடு மேய்க்கிறவன் முதல் பஸ் கண்டக்டர் வரை தெரிந்த பெயரை எழுதிவிட்டாள்.

இந்த ஊரில் வளர்ந்த பிள்ளைக்கு, பெயர் என்றால் பாஸ்போர்ட்டில் இருப்பது. நாங்கள் வந்த புதிதில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று தெரியாமல் என் அப்பா பெயரைப் போட்டோம். அன்றிலிருந்து ஆபீஸிலும் ஆஸ்பத்திரியிலும் என்னை "மிஸ்டர் மாரிமுத்து" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அப்பாவை அந்த மரியாதையோடு அவர் உயிரோடு இருந்தவரை யாரும் கூப்பிட்டதில்லை. முதல் தடவை கேட்டபோது எழுந்து நின்றுவிட்டேன். திருத்தம் செய்ய விண்ணப்பம் போடலாம் என்றார்கள். போடவில்லை.

6

பாண்டிக்கு இப்போது சொந்தமாகக் கொஞ்சம் புஞ்சை இருக்கிறது. எங்கள் குடும்பத்தில் முதல் நிலம் அதுதான். மிளகாய் போட்டிருக்கிறான். அவன் இடத்தில் போர் போட்டுப் பார்த்தான், உப்புத் தண்ணி. நல்ல தண்ணி சற்றுத் தள்ளி எங்கள் மாமா மகன் இடத்தில் இருக்கிறது. அங்கிருந்து கறுப்புக் குழாயில் கொண்டுவருகிறான். அந்தக் குழாய் மச்சு வீட்டுக் காட்டின் வரப்பு ஓரமாகத்தான் வர வேண்டும். வேறு வழி இல்லை. அய்யா சரி என்று சொன்னார். எழுத்து எதுவும் கிடையாது, வாய் வார்த்தைதான்.

தை மாதம் மிளகாய் பூத்துப் பிஞ்சு பிடிக்கிற நேரம். ஒரு வாரம் தண்ணி நின்றால் பூ எல்லாம் கொட்டிவிடும்.

எங்கள் பக்கம் சண்டை போட மாட்டார்கள். சத்தம் இருக்காது. பக்கத்து ஊரில் ஒருத்தர் கோயில் காரியத்தில் எதிர்த்துப் பேசினார். கருவேல மரம் வெட்டிக் கரி போடுகிறவர். விறகை அடுக்கி மண் பூசி, உள்ளே நெருப்பு வைத்து மூட்டம் போட்டிருந்தார். அடுத்த வாரம் ஒருநாள் போய்ப் பார்த்தால் மூட்டத்தின் மண்ணில் நாலு இடத்தில் ஓட்டை. காற்றுப் புகுந்து கரி பூராவும் சாம்பலாகிக் கிடந்தது. யார் செய்தது என்று அவரும் கேட்கவில்லை. கேட்டு என்ன ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

அதை நான் பார்த்திருக்கிறேன். இத்தனை வருடம் பனியில் வாழ்ந்துவிட்டதால் அந்தப் பயம் போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பட்டறையில் அன்றைக்கு முகமூடியை இறக்கிப் பற்ற வைக்கும்போது அந்தச் சாம்பல் கண்ணில் வந்தது. வேலையை நிறுத்திவிட்டுக் கக்கூஸில் போய் உட்கார்ந்தேன்.

அன்றைக்குச் சாயங்காலம் சுதாவிடம், "எடுத்துரு" என்றேன்.

"அப்பா, அது உண்மைதானே."

"உண்மைதான். எடுத்துரு."

"சித்தப்பா சொன்னாங்களா?"

"சொன்னான். நானும் சொல்றேன்."

எடுத்துவிட்டாள். கம்ப்யூட்டரை மூடாமல் சொன்னாள். "நம்ம பக்கத்துலருந்து எடுத்துட்டேன். ஆனா இது ஃப்ரீ புக்குப்பா. யாரு யாரு இறக்கி வச்சிருக்காங்கன்னு தெரியாது. அதெல்லாம் திரும்ப வாங்க முடியாது."

விலை இல்லாத புத்தகம் என்றால் என்ன என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது. கதவும் இல்லாத புத்தகம்.

7

அடுத்து பாண்டி கூப்பிட்டபோது குரல் தாழ்ந்திருந்தது.

"அய்யா வந்தாரு."

"எங்க?"

"நம்ம காட்டுக்கே. வண்டியில பின்னாடி ஒக்காந்து வந்து எறங்குனாரு. கம்பு ஊனித்தான் நடக்குறாரு இப்ப."

"என்ன சொன்னாரு?"

"ஏலே பாண்டி, ஒங்கண்ணன் எப்படி இருக்கான்னாரு. நல்லா இருக்காருய்யான்னேன். எம் பேத்தி வாசிச்சுக் காட்டுச்சுன்னாரு. அம்புட்டுத் தடவையும் ஆள் விட்டு ஒங்காத்தாளக் கூப்பிட்டது நானு, வேற எவன் வீட்ல நடக்கும் இது, அப்படின்னாரு."

"நீ என்ன சொன்ன?"

"நான் என்னத்தச் சொல்ல? புள்ளைக ஏதோ தெரியாம எழுதிருச்சு, எடுத்துட்டாகய்யான்னேன்."

ஆள் விட்டதைச் சுதா எழுதியிருந்தாள். இரண்டாவது வரியிலேயே எழுதியிருந்தாள். அந்த வரியைப் பேத்தி வாசிக்கவில்லையா, வாசித்தும் அவர் காதில் விழவில்லையா, தெரியாது.

"அப்புறம்?"

"அப்புறம் ஒண்ணும் பேசல. கொழா போற வரப்புலயே கடைசி வரைக்கும் நடந்தாரு. நானும் பின்னாடியே போனேன். திரும்பி வந்து, மொளகா நல்லாப் புடிச்சிருக்கேன்னாரு. கொழா கெடக்கட்டும்னாரு. வண்டியில ஏறிட்டு, இப்போதைக்குன்னாரு."

நான் அடுப்படி மேசையில் உட்கார்ந்தேன்.

"இப்போதைக்குன்னா என்னண்ணே அர்த்தம்?"

"தெரியலடா."

தெரியும். அவனுக்கும் தெரியும். யாராவது வேறு அர்த்தம் சொல்ல மாட்டார்களா என்றுதான் கேட்டான்.

அந்த வாரம் முழுக்கச் செல்வி ராத்திரியில் கதவை இரண்டு தடவை பூட்டிப் பார்த்தாள்.  ஒருமுறை சொன்னாள், "நம்ம இங்க கதவச் சாத்திக்கிட்டுப் பயப்படுறோம். ஒங்க தம்பி வீட்டு ஆளுக அங்க வாசல்ல படுத்திருக்காக."

8

பிறகு கூப்பிட்டது ரேவதி. பாண்டியின் போனில்தான், ஆனால் அவள் குரல்.

"பெரியப்பா, எடுக்கச் சொன்னது யாரு?"

"நான்தாம்மா."

"எங்கப்பா சொல்லிச் சொன்னீகளா, நீங்களாச் சொன்னீகளா?"

"ரெண்டு பேருந்தான்."

"என்னைய யாரும் கேக்கலையே? பஸ்ஸுல அவளுக கூட ஒக்காந்து போறது நானு. வகுப்புல இருக்கறது நானு. நீங்க பனியில இருக்கீக, எங்கப்பா மொளகாக் காட்ல இருக்காரு."

போனை மறு காதுக்கு மாற்றினேன்.

"இப்ப என்ன சொல்றாளுக தெரியுமா? பொய்யின்னு தெரிஞ்சுதான் எடுத்துட்டாக, பாத்தியான்னு சிரிக்கிறாளுக. எழுதுனப்பக்கூட யாரும் சிரிக்கல. எடுத்த பெறகுதான் சிரிக்கிறாளுக."

"மச்சு வீட்டுப் புள்ளையா சிரிக்கிது?"

"அது சிரிக்கல. அது எங்கிட்டப் பேசவும் இல்ல. பஸ்ஸுல எம் பக்கத்துல ஒக்காந்து சன்னலப் பாத்துக்கிட்டே வருது." தாள் புரளுகிற சத்தம் கேட்டது. "நான் பிரிண்டு எடுத்து வச்சிருந்தேன் பெரியப்பா. நேத்து எங்கப்பாவுக்குத் தமிழ்ல வாசிச்சுக் காட்டுனேன். பூராவும். அதுக்கப்புறம் சாப்பிடாம இருக்காரு. இந்தா, பேசுங்க."

அதுவரை பாண்டிக்கு அந்தப் பக்கத்தில் அம்மா இருக்கிறார், மச்சு வீடு இருக்கிறது என்பது மட்டும்தான் தெரியும். என்ன எழுதியிருக்கிறது என்று முழுதும் தெரியாது. நானும் சொன்னதில்லை.

"அண்ணே."

"ம்."

"அம்மா பேசுனது ஒனக்குக் கேக்காதுன்னு அதுல எழுதிருக்கு. நெசமா?"

"சத்தம் கேக்கும். வார்த்தை வெளங்காது."

"ஒண்ணுகூடவா?"

"ஒண்ணுகூட."

அவன் பக்கம் மோட்டார் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. 

"நான் அம்மா பக்கத்துலயேதான் நிப்பேன்" என்றான். "சேலையப் புடிச்சுக்கிட்டு நிப்பேன். கடைசி வருசம் பூரா அம்மா ஒண்ணுதான் சொல்லும். ஒரு எட்டு வந்து மொகத்தக் காட்டிட்டுப் போகச் சொல்லுங்கய்யான்னு. கத்தும். தொண்ட கட்டுற வரைக்கும் கத்தும். அம்புட்டுச் சத்தமாச் சொன்னது ஒனக்குக் கேட்டிருக்கும்னு நெனச்சேன்."

"அய்யா சொல்லல."

"என்ன சொல்வாரு?"

"நல்லா இருக்காளாம்பாரு."



"நீ கேட்டுட்டுத்தான் வரலைன்னு இருந்துட்டேன்ணே. இம்புட்டு வருசமும்."

நான் ஊருக்குப் போகும்போதெல்லாம் பாண்டி என்னிடம் குறைவாகத்தான் பேசுவான். ஒருமுறைகூட மதுரை வரைக்கும் வழியனுப்ப வந்ததில்லை. எங்கள் வீட்டில் யாருமே அதிகம் பேசுகிற ஆள் இல்லை. அதனால் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

அய்யா ஏன் சொல்லவில்லை என்று யோசித்தேன். வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவேன் என்று நினைத்திருக்கலாம். என் நல்லதுக்கு என்றே நினைத்திருக்கலாம். கெட்ட எண்ணம் என்று நான் சொல்ல மாட்டேன். என் அம்மா சொன்னதில் எது எனக்கு வர வேண்டும் என்று அவர் முடிவு செய்தார். அவ்வளவுதான்.

"திரும்பப் போடச் சொல்லுண்ணே" என்றான் பாண்டி.

"கொழா?"

"கெடக்குற வரைக்கும் கெடக்கட்டும்."

"யோசிச்சுச் சொல்லு. பூப் பிடிச்சிருக்கிற நேரம்."

"யோசிச்சுட்டேன். வீட்டுப் பேரயும் மாத்த வேணாம். மாத்துனா வேற யாரையோ சொன்ன மாதிரி ஆயிரும்."

"ரேவதி பஸ்ஸுல போகுதேடா."

"அதுதான் போடுங்குது. நான் என்ன பண்ண?"

பின்னாலிருந்து ரேவதியின் குரல் கேட்டது. "அப்பத்தா சொன்னதயும் சேத்துப் போடச் சொல்லுங்க!" ஒவ்வொரு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது.

9

சுதா மறுபடி சேர்த்துவிட்டாள். அம்மா சொன்ன அந்த ஒரு வரியையும் சேர்த்தாள். "ஒரு எட்டு" என்பதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. தமிழிலேயே போட்டுவிட்டாள்.

மூன்று ஆசிரியர்களும் கூடிப் பேசி, இலவசப் புத்தகத்தையே வைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். சுதாவை அடுத்த பருவம் கூப்பிடுவார்களா என்று இன்னும் சொல்லவில்லை.

ரேவதி கல்லூரிக்குப் போய்வருகிறாள். மச்சு வீட்டுப் பேத்தி இன்னும் அவளிடம் பேசவில்லையாம். ஆனால் வேறு சீட்டுக்கும் போகவில்லையாம். அய்யா அதற்குப் பிறகு காட்டுப் பக்கம் வரவில்லை. வராமல் இருப்பது நல்லதா கெட்டதா என்று பாண்டியும் நானும் பேசிப் பார்த்தோம். எங்களுக்கு விளங்கவில்லை.

இதை எழுதுவதற்கும் பாண்டியிடம் கேட்டேன். ரேவதியிடமும் கேட்டேன். "சுதாக்கா எழுதுனா வெளிநாட்டுப் புள்ள என்னமோ எழுதுதும்பாக, நீங்க எழுதுங்க" என்றாள். அதனால் எழுதினேன். ஊர்ப் பெயரைப் போடாததற்கு அவள் என்னைத் திட்டினாலும் திட்டுவாள். அந்த அளவுக்கு எனக்குத் தைரியம் வரவில்லை.

இப்போது தினமும் கூப்பிடுகிறேன். முன்பெல்லாம் மழை உண்டா, உடம்பு எப்படி என்று ஆரம்பிப்போம். இப்போது முதல் கேள்வி ஒன்றுதான்.

இன்றைக்குக் காலையில் வெகுநேரம் மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். எடுக்கவில்லை. செல்வி கதவைத் திறந்து என்னைப் பார்த்தாள். கார் எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. வேலைக்கு நேரமாகிவிட்டது. மூன்றாவது தடவை எடுத்தான்.

"மோட்டார் சத்தத்துல கேக்கலண்ணே."

"தண்ணி வருதா?"

"இந்தா, நீயே கேளு."

போனைக் குழாய் வாயில் கொண்டுபோய்ப் பிடித்தான். பாத்தியில் தண்ணீர் விழுகிற சத்தம் கேட்டது. அவன் போனைத் திரும்ப எடுக்கும் வரை அதையே கேட்டுக்கொண்டு நின்றேன். நாளைக்கும் கூப்பிட வேண்டும்.